ஒரு சொல்லுக்குப் பூட்டு, மொழிக்கே பூட்டா?

கருவுற்ற மகளிரைக் கேளாவொலி ஆய்வுக்கு அழைத்துச் செல்லாத குடும்பம் இற்றைத் தமிழகத்தில் அரிது. குடிசையாயினும் மாடிவீடாயினும், கரு நின்றது என்று தெரிந்த அளவிலேயே "இசுகேன் எப்பொழுது?" என்னும் வினா எழுந்துவிடுகின்றது. மாந்தர் செவிக்கு எட்டாத ஒலியை வயிற்றினுள் செலுத்தி, அது பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு கருவின் உருவைத் திரையில் வரைந்து காட்டும் அவ்வாய்வைக் 'கருநோக்கு' எனச் சுருங்கச் சொல்லலாம். கருவை நோக்குதலே அங்கு நிகழ்வது. நோக்கியவர், தாம் நோக்கியதை, எவள் வயிற்றை நோக்கினாரோ அவளுக்கு அவள் மொழியில் சொல்கின்றாரா என்பதே ஈண்டு வினா. பெரும்பாலும் சொல்வதில்லை என்பதே விடை. அச்சொல்லாமையால் விளையும் கேடு சிறிதன்று.

கருநோக்கிற்குச் செல்லும் பெற்றோர் எதனை எதிர்பார்த்துச் செல்கின்றனர்? மருத்துவர் எதிர்பார்ப்பதை அன்று. மருத்துவர்க்கு அஃது ஓர் ஆய்வு. குறை உளதா என்று தேடுவது. அளவுகளைப் பிசகின்றிக் குறித்துக் கொள்வது. பெற்றோர்க்கோ அஃது ஒரு காட்சி. பிள்ளையை முதன்முதல் காணப் போகின்றோம் என்னும் துடிப்போடு செல்கின்றனர். 'குறையொன்றும் இல்லை' என்னும் உறுதியைப் பெற்று மீளலாம் என்று நம்பிச் செல்கின்றனர். குறை காணப்படவும் கூடும் என்னும் நினைவே பலர்க்கு இருப்பதில்லை. ஒருவர் தேடுதற்கு அமர்கின்றார்; மற்றவர் காணுதற்கு வருகின்றார். இவ்விரு நோக்கமும் ஒரே அறையில், ஒரே திரைக்குமுன், ஒன்றையொன்று அறியாமலே கூடுகின்றன. மேலைநாட்டுக் கருவுற்ற மகளிரைக் கேட்டறிந்து எழுதப்பெற்ற ஆய்வுரைகளும் இவ்வேறுபாட்டைக் கூறுகின்றன. தம் தாய்மொழியிலேயே மருத்துவரோடு பேசும் வாய்ப்புடைய மகளிரின் நிலையே அதுவெனின், அயன்மொழித் தாளொன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியேறும் தமிழ்ப்பெண்ணின் நிலை எத்தகையதாகும்?

அவள் படும் பாட்டை முதலிலிருந்தே பார்க்கலாம். தொடக்கத் திங்கள்களில் கருநோக்கிற்கு வருபவளைத் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்கின்றனர். சிறுநீர்ப்பை நிரம்பினால் அது குடலை ஒதுக்கும். ஒலி நீரினூடே தடையின்றிச் சென்று கருப்பையைத் தெளிவாகக் காட்டும். கரணியம் செம்மையானதே. அதனை அவளுக்குச் சொன்னவர் எத்துணைப் பேர்? "தண்ணி குடிச்சீங்களா? இன்னும் ரெண்டு பாட்டில் குடிங்க" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். தன் பெயர் அழைக்கப்படும் வரை அவள் அடக்கமாட்டாமல் அடக்கிக்கொண்டு இருக்கையில் நெளிந்துகொண்டிருப்பாள். உள்ளே சென்றதும் குளிர்ந்த களிம்பு வயிற்றில் பூசப்படும். கருவிமுனைக்கும் தோலுக்கும் இடையே காற்றிருந்தால் ஒலி உட்புகாது திரும்பிவிடும். காற்றை நீக்குதற்கே களிம்பு. இதனைச் சொல்ல எத்துணை நேரம் ஆகும்? களிம்பைப் பூசும் நேரமே போதும்.

அதன்பின் அமைதி. கருவிமுன் அமர்ந்தவர் திரையை உற்று நோக்குகின்றார், படத்தை நிறுத்துகின்றார், அளக்கின்றார், மீண்டும் முனையை நகர்த்துகின்றார். படுத்திருப்பவளுக்குப் பல நிலையங்களில் திரையே தெரிவதில்லை. அவள் நோக்குவது மருத்துவரின் முகத்தை. அவர் புருவம் சற்றே நெரிந்தால் இவள் நெஞ்சு நின்றுவிடும். குழந்தை ஒருபுறமாகத் திரும்பிக் கிடந்தமையால் நெரிந்த புருவமாகவும் அஃது இருக்கலாம். அவள் அதனை யாங்ஙனம் அறிவாள்? "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொள்கின்றாள். "ரிப்போர்ட்டுல வரும்மா" என்று விடை வருகின்றது. கணவனோ கதவுக்கு வெளியே நிற்கின்றான். பிறக்கப் போகும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைத் தானும் ஒருமுறை கேட்கலாம் என்று ஒருநாள் கூலியை இழந்து வந்தவன் அவன்.

மருத்துவரின் அமைதியை முற்றும் குற்றமென்று கொள்ளலாகாது. ஐந்தாந் திங்களில் செய்யப்படும் முழுமையான கருநோக்கு கூர்ந்த கவனத்தை வேண்டுவது. மூளையின் அறைகள், மேலுதடு, நெஞ்சாங்குலையின் நான்கு அறைகள், அவற்றினின்று புறப்படும் பெருங்குழாய்கள், தண்டெலும்பு, இரைப்பை, சிறுநீரகம், கைகால் எலும்புகள் என ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்ல வேண்டும். இடையில் பேசினால் ஒன்று தப்பிவிடலாம். அமைதி வேண்டிய நேரத்தில் அமைதி வேண்டியதே. ஆனால் ஆய்வு முடிந்து களிம்பைத் துடைக்கும் பொழுதும் அவ்வமைதி ஏன் தொடர்கின்றது? அடுத்தவள் பெயரை அழைத்தாயிற்று என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் உண்டு. அதனை விளக்கக் கருவியின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும்.

இக்கருவி கருவை நோக்குதற்கென்றே பிறந்ததன்று. இரும்பிலும் எஃகிலும் உள்வெடிப்பு உளதா என்று கேளாவொலியைச் செலுத்தி ஆய்வது தொழிற்சாலைகளில் முன்னரே இருந்த வழக்கம். காட்டுலாந்து நாட்டுக் கிளாசுக்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் தொனால்டு, 1955-இல் அத்தகைய தொழிற்சாலையொன்றுக்கு, அறுவையில் எடுத்த கட்டிகளைக் கொண்டுசென்று, மாந்தத் தசையிலும் இவ்வொலி வேறுபாடு காட்டுமா என்று ஆய்ந்து பார்த்தார். காட்டியது. பொறியாளர் தாம் பிரவுன், மருத்துவர் சான் மெக்விகார் ஆகியோரோடு கூடி அவர் எழுதிய ஆய்வுரை 1958-இல் 'இலான்செட்டு' மருத்துவ இதழில் வெளிவந்தது. கொதிகலனின் வெடிப்பைக் கண்ட ஒலியே கருப்பையில் உறையும் உயிரையும் கண்டது. மாந்தர் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. கருநோக்கில் ஆளப்படும் ஒலியோ நொடிக்குப் பல பத்து இலக்கம் அதிர்வுடையது. ஊடுகதிர்போல் இது கதிர்வீச்சு அன்று. ஆகலின், கருவைக் கதிரால் தாக்குகின்றனர் என்று சிற்றூர்ப் பாட்டிமார் அஞ்சுவதற்கு அடிப்படை இல்லை. மருத்துவத் தேவைக்கேற்ற அளவில் செய்யும் கருநோக்கினால் கருவுக்குக் கேடு நேர்ந்ததாக உறுதிப்படவில்லை. இதனையும் எவரேனும் பாட்டிக்குத் தமிழில் சொல்லியிருந்தால் அவ்வச்சம் என்றோ அகன்றிருக்கும்.

தொனால்டு கருக்கலைப்பை வன்மையாக எதிர்த்தவர். 1967-இல் பிரித்தானியாவில் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை வெளிப்படையாக மறுத்தவர். கருவின் அசைவைத் திரையில் கண்ட தாய் அதனை அழிக்க ஒருப்படாள் என்று எண்ணினார் அவர். அவர் கருவி இந்தியாவிற்கு வந்தபின் நிகழ்ந்தது யாது? பெண்கருவைக் கண்டுபிடித்து அழித்தற்கே அது கைக்கருவியாயிற்று. முதலில் பனிக்குடநீரை ஊசியால் எடுத்து ஆய்ந்து பால் அறிந்தனர். பின்னர், குத்தாமலும் கீறாமலும் பால் காட்டும் கேளாவொலிக் கருவி எளிதாகக் கிடைத்தது. உயிரைக் காட்டும் என்று செய்த பொறி, உயிரைத் தெரிந்தெடுத்துக் கொல்லும் பொறியாயிற்று. அறிவியலில் குற்றமில்லை, அதனைக் கையாண்டவர் உள்ளத்தில் முன்னரே இருந்த நச்சு அது. பெண்மகவுக்கு நெல்மணியும் கள்ளிப்பாலும் கொடுத்த ஊர்களும் தமிழகத்தில் இருந்தன என்பதை மறைத்துப் பயனில்லை. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க நேர்ந்ததே அதற்குச் சான்று.

இக்கொடுமையைத் தடுக்க மராட்டிய மாநிலம் 1988-இல் முதற்சட்டம் இயற்றியது. இந்திய அளவிலான சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. கருவின் பாலைச் சொல்லாலோ, குறிப்பாலோ, வேறெவ்வகையாலோ எவரும் தெரிவித்தல் ஆகாது என்பது அச்சட்டம். மீறிய மருத்துவர்க்கு முதன்முறை மூன்றாண்டு வரை சிறையும் 10,000 உருபா வரை தண்டமும் உண்டு. பால் அறிய வேண்டி வந்தவர்க்கும் சிறை உண்டு. 50,000 உருபா வரை தண்டமும் உண்டு. கருவுற்றவளோ, கணவனாலும் உறவினராலும் வற்புறுத்தப்பட்டே வந்தாள் என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, சட்டம் கொள்ளும். இஃது அறமுடைய சட்டம். தமிழகத்தில் ஆறாண்டு வரையுள்ள ஆண்பிள்ளை ஆயிரவர்க்குப் பெண்பிள்ளைகள் 1991-இல் 948 பேர். 2001-இல் 942 பேர். 2011-இல் 943 பேர். இவ்வெண்களைக் கண்டபின்னும் 'எம் பிள்ளை ஆணோ பெண்ணோ என்று அறிவது எம் உரிமையன்றோ' என்று வாதிடுவார்க்கு விடை சொல்ல வேண்டுவதில்லை. பிரித்தானியாவில் அது பெற்றோரின் மகிழ்ச்சிக்குரிய செய்தி. இங்கு அது பலர்க்குத் தூக்குத் தண்டனை ஓலையாக இருந்தது.

சட்டம் பூட்டியது எதனை? ஒரே ஒரு சொல்லை. ஆண் அல்லது பெண் என்னும் அவ்வொரு சொல்லை. நிலையங்களோ அச்சட்டத்தின் நிழலில் நின்றுகொண்டு மொழி முழுவதையும் பூட்டிவிட்டன. எதைச் சொன்னாலும் எவரேனும் முறையிடுவர், எந்தச் சொல்லுக்கும் குறிப்புப் பொருள் கற்பிப்பர் என்னும் அச்சத்தால் திரை திருப்பப்பட்டது, கணவன் வெளியே நிறுத்தப்பட்டான், வாய் மூடப்பட்டது. அச்சம் ஓரளவு மெய். சோம்பலும் அதனோடு கலந்துள்ளது என்பதும் மெய். நெஞ்சாங்குலை நன்றாகத் துடிக்கின்றது என்று சொல்வதைத் தடுக்கும் சட்டப் பிரிவு ஏதுமில்லை. தண்டெலும்பு நேராக உள்ளது என்று சொல்வதைத் தடுக்கும் பிரிவும் இல்லை. மாறாக, அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, கருவறி முறைகளுக்குரிய விளைவுகளையெல்லாம் கருவுற்றவளுக்கு விளக்க வேண்டும் என்றும், அவளுடைய எழுத்து ஒப்புதலை அவள் அறிந்த மொழியில் பெற வேண்டும் என்றும் கூறுகின்றது. அவள் அறிந்த மொழி எது? நிலையத்தின் சுவரைப் பார்த்தாலே விடை தெரியும். 'கருவில் உள்ள குழந்தையின் பாலினத்தைத் தெரிவிப்பது சட்டப்படி குற்றம்' என்னும் பலகை அங்குத் தமிழிலும் தொங்குகின்றது. ஊர்மொழியிலும் எழுத வேண்டும் என்று விதி கட்டளையிட்டதனால் தொங்குகின்றது. தடை தமிழில், விளக்கம் ஆங்கிலத்தில். தமிழச்சியை மிரட்டுதற்குத் தமிழ் பயன்படும்; தேற்றுதற்குப் பயன்படாது போலும்!

அவள் கையில் கொடுக்கப்படும் அறிக்கைக்கு வருவோம். இரண்டு மூன்று பக்கம், முற்றும் ஆங்கிலம், நடுநடுவே எண்கள், இணைப்பாக நாலைந்து கருமைப் படங்கள். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பவரும் உண்டு. நேராகப் பிடித்தாலும் பொருள் விளங்காமையால் அதில் இழப்பொன்றும் இல்லை. அறிக்கை தெருமுனை மருந்துக்கடைக்காரரிடமும், கல்லூரியில் படிக்கும் அயல்வீட்டுப் பையனிடமும் செல்கின்றது. அவன் படித்த பாடம் வேறு. நெஞ்சாங்குலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதனருகே ஒளிப்புள்ளியைக் குறிக்கும் சொல்லும் அவன் கண்ணிற் படுகின்றன. 'குழந்தைக்கு நெஞ்சில் ஏதோ இருக்கிறதாம்' என்கின்றான். அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பு எரிவதில்லை. உண்மை யாது? கருவின் நெஞ்சாங்குலைத் தசையில் சிறு வெண்புள்ளி தென்படுதல் நலமுள்ள குழந்தைகள் பலர்க்கும் உள்ளது. வேறு குறையொன்றும் இல்லாதவிடத்து அதனால் நெஞ்சு நோய் இல்லை. கண்டதைக் கண்டவாறு குறிக்க வேண்டும் என்னும் கடப்பாட்டால் மருத்துவர் எழுதினார். எழுதியவர் இன்னும் ஒரு வரியைத் தமிழில் எழுதியிருந்தால் ஓரிரவின் அழுகை எஞ்சியிருக்கும்.

தமிழில் சொல்லும்பொழுதும் சொல் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐந்தாந் திங்களில் கருநோக்கிற்குச் சென்றவளிடம் "நஞ்சு கீழே இருக்கும்மா, பார்த்து இருங்க" என்று செவிலி சொல்லி அனுப்புவாள். தாய்க்கும் சேய்க்கும் இடையே ஊட்டம் கடத்தும் உறுப்பைத்தான் அவள் சொன்னாள். நஞ்சுக்கொடி என்பது வழக்குச்சொல். கேட்ட இளம்பெண்ணோ வயிற்றில் நஞ்சு சேர்ந்துவிட்டதென்று நடுங்குகின்றாள். ஆவின் ஈற்றில் விழும் அவ்வுறுப்பை உழவர் 'இளங்கொடி' என்பர். கன்றுக்கு ஊட்டிய கொடிக்கு அத்துணை இனிய பெயரும், பிள்ளைக்கு ஊட்டிய கொடிக்கு நஞ்சென்னும் பெயரும் வழங்குவது விந்தையே. இளங்கொடி என்றே இனி இருவர்க்கும் வழங்கலாம். பெயர் எதுவாயினும் செய்தி இதுதான்: அக்கொடி ஐந்தாந் திங்களில் தாழ்ந்திருப்பினும், கருப்பை பெரிதாக விரிய விரியப் பெரும்பாலார்க்கு வாயினின்று மேலே விலகிவிடும். விலகாத சிலர்க்கே பேறுகாலத்தில் இடர் உண்டு. அதனால்தான் எட்டாந் திங்களில் மீண்டும் பார்க்கின்றனர். இடையில் குருதி கண்டால் உடனே வரவேண்டும் என்பது மட்டும் அவள் மறவாமல் இருக்க வேண்டியது.

நாட்கணக்கிலும் இத்தகைய குழப்பம் உண்டு. குடும்பத்தார் திங்கட் கணக்காக எண்ணுவர். மருத்துவர் ஏழுநாள் கொண்ட கிழமைக் கணக்காக எண்ணுவர். கடைசி வீட்டுவிலக்கின் முதல்நாளிலிருந்து 40 கிழமை, அஃதாவது 280 நாள், என்பது அவர் கணக்கு. இருபத்தெட்டு நாளை ஒரு திங்களாகக் கொண்டு பெருக்கிப் பார்த்தால் 'பத்துத் திங்கள் சுமந்தாள்' என்னும் தமிழர் கூற்றும் அதே 280 நாளைத்தான் தருகின்றது. பாட்டியின் கணக்கும் பொறியின் கணக்கும் ஒன்றே என்று சொல்வார் இல்லாமையால், இரண்டும் பகையாக நிற்கின்றன. மூன்று கருநோக்கில் மூன்று பேறுநாள் அச்சாகி வந்தால், 'எது பொய்?' என்று கேட்கின்றனர். எதுவும் பொய்யன்று. முதல் மூன்று திங்களுக்குள் கருவின் நீளத்தைக் கொண்டு கணிக்கும் நாள் ஏறத்தாழ ஐந்தாறு நாள் பிசகக்கூடும். கடைசித் திங்கள்களில் கணிப்பது இரண்டு மூன்று கிழமை கூடப் பிசகலாம், ஏனெனின் அப்பொழுது குழந்தைக்குக் குழந்தை பருமன் வேறுபடும். ஆகலின் முதலிற் கணித்த நாளையே கொள்ள வேண்டும். அந்நாளிலும் நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் அளவே பிறக்கின்றன. பேறுநாள் தாண்டிவிட்டதென்று மறுநாளே அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் குடும்பங்களுக்கு இதனைச் சொல்லியிருக்க வேண்டாவா?

எண்களுள் மிகவும் அச்சுறுத்துவது பிடரிநீர் அளவு. மூன்றாந் திங்களின் இறுதியில், கருவின் உச்சி முதல் புட்டம் வரையுள்ள நீளம் 45 மி.மீ. முதல் 84 மி.மீ. வரை இருக்கும்பொழுது, பிடரித் தோலடியில் தேங்கும் நீரின் பருமனை அளக்கின்றனர். உயிரணுவில் மரபைத் தாங்கும் இழைகளுள் 21-ஆவது இழை மூன்றாக அமைதலால் நேரும் தவுன் குறைபாடு இருக்கக்கூடுமா என்று மதிப்பிட அஃது உதவும். மதிப்பிட மட்டுமே உதவும், உறுதி சொல்லாது. தாயின் அகவையும் குருதி ஆய்வும் சேர்த்து '250-இல் ஒன்று' என்பது போன்ற விடை வருகின்றது. இவ்வெண் காதில் விழுந்தவுடன் 'அந்த ஒன்று நம் பிள்ளைதான்' என்று தாய் முடிவு கட்டிவிடுகின்றாள். இத்தகைய எண் பெற்ற 250 தாய்மாரை ஒரு திருமணக் கூடத்தில் அமர்த்தினால் 249 பேர் பிள்ளைக்கு அக்குறை இராது என்று எவரேனும் அவளுக்குச் சொன்னதுண்டா? எஞ்சிய ஒருவருள் தானும் இருக்கக்கூடும் என்பதும், ஐயந்தீர்க்க மேலும் ஆய்வுகள் உண்டு என்பதும், அவற்றை ஏற்பதும் மறுப்பதும் தன் உரிமை என்பதும் அதன்பின்னரே அவளுக்கு விளங்கும்.

மறுபுறம், 'குறை காணப்படவில்லை' என்பதைக் 'குறையே இல்லை' என்று கொள்வதும் பிழை. கருநோக்கு எல்லாவற்றையும் காட்டாது. நெஞ்சாங்குலைக் குறைகள் பல தப்பிவிடும். தாயின் வயிற்றுக் கொழுப்பு, குழந்தை கிடக்கும் கிடை, கருவியின் திறம், நோக்குவாரின் பயிற்சி ஆகிய எல்லாம் சேர்ந்தே காட்சி அமைகின்றது. அமெரிக்காவில் 15,000-க்கு மேற்பட்ட கருவுற்ற மகளிரை இருகூறாக்கிச் செய்த பேராய்வு 1993-இல் வெளிவந்தது. எல்லார்க்கும் வழக்கமாகக் கருநோக்குச் செய்த கூற்றிலும், மருத்துவர் தேவையென்று கண்டவர்க்கு மட்டும் செய்த கூற்றிலும், பிள்ளைப்பேற்றின் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இதனால் கருநோக்கு வேண்டாவென்பதன்று. இரட்டைப்பிள்ளையை முன்னரே அறிதற்கும், கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிய கருவைக் கண்டு தாயின் உயிரைக் காத்தற்கும், நாட்கணக்கைச் செம்மை செய்தற்கும் அது பெருந்துணை. உலக நலவாழ்வு நிறுவனம் 2016-இல் கூறியது 24 கிழமைக்குள் ஒரு கருநோக்கு என்பதே. திங்கள்தோறும் ஒன்று எடுத்தால் பிள்ளைக்கு நல்லது என்று எண்ணிக் கடன்வாங்கி எடுப்பவர் இதனை அறிய வேண்டும். நிறப்படமும் நிழற்படத் தொகுப்பும் விற்கும் வணிகத்தைப் பற்றி ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, காலத்தின் இழப்பு. மூளை உருவாகாமை போன்ற பெருங்குறையைக் கருநோக்கு காட்டிவிடுகின்றது என்று கொள்வோம். கருக்கலைப்பு பற்றிய இந்தியச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 கிழமை வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20 முதல் 24 கிழமை வரை, விதியில் குறித்த வகையினர்க்கு, இரு மருத்துவர் கருத்து வேண்டும். 24 கிழமைக்கு மேல், கருவில் பெருங்குறை உண்டெனில், மருத்துவக் குழுவே முடிவு செய்ய வேண்டும். ஐந்தாந் திங்களின் கருநோக்கு 18 முதல் 22 கிழமைக்குள் அமைவது. இரண்டு கிழமை தவறினாலும் பெற்றோர் வேறொரு சட்டப்படியில் நிற்க நேரும். ஆங்கில அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, 'அடுத்த திங்கள் டாக்டரம்மாகிட்ட காட்டலாம்' என்று ஊர் திரும்பும் பெண்ணுக்கு, பையிலிருக்கும் தாளில் நாள் கரைந்துகொண்டிருப்பது தெரியாது. குழு கூடும் பெருமருத்துவமனைக்கு அலையும் பொழுதுதான் தெரியும். கருவைக் கலைப்பதும் கலைக்காமல் ஈன்று வளர்ப்பதும் அவள் முடிவு. அதில் பிறர் தலையிட உரிமையில்லை. அம்முடிவை எடுக்கும் காலத்தை அவளுக்குத் தெரியாமலே பறித்துக்கொள்வதற்கு மட்டும் எவர்க்கு உரிமை உண்டு?

கருவில் பிள்ளை உதைத்தது என்று முதலில் அறிந்து, அதனைக் கணவனுக்கும் தாய்க்கும் சொல்லும் பெருமை முன்பு கருவுற்றவளுக்கே உரியதாக இருந்தது. முதற்பேற்றில் அவ்வசைவு 18 முதல் 20 கிழமையளவில் அவளுக்குப் புலப்படும். அதற்கு முன்னரே இப்பொழுது திரையில் கருவின் கைகால் அசைவதை அயலார் கண்டுவிடுகின்றனர். தன் வயிற்றுச் செய்தியைக் கடைசியாக அறிபவளாக அவள் ஆகிவிட்டாள். பொறியை நிறுத்தி அப்பெருமையை மீட்க முடியாது, வேண்டுவதும் அதுவன்று. திரையை அவள் பக்கம் சற்றே திருப்பி, பால் தெரியும் பகுதியை மட்டும் விலக்கி, "இதோ தலை, இதோ கை, இதோ நெஞ்சு துடிக்கிறது" என்று சொன்னால் போதும். அங்ஙனம் சொல்லும் மருத்துவர்கள் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. அவர்களை எவரும் சிறையிலிட்டதில்லை.

தமிழில் எழுதச் சொன்னால் மறுப்பு உடனே வருகின்றது. தமிழில் சொல் இல்லையாம், இருந்தாலும் விளங்காதாம். பனிக்குடம், தொப்புள்கொடி, பொய்வலி, தலை இறங்குதல், கொடிசுற்றிப் பிறத்தல் ஆகிய சொற்களை எந்தப் பல்கலைக்கழகம் ஆக்கிற்று? பேறு பார்த்த மருத்துவச்சிகள் ஆக்கியவை அவை. இன்றும் படித்த மருத்துவரே நோயாளியிடம் 'பனிக்குடம் உடைந்துவிட்டதா?' என்றுதான் கேட்கின்றார். தாளில்தான் ஆங்கிலம் எழுதுகின்றார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிரீன், தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலொன்றையும் தமிழில் கொணர்ந்தார். அவர் ஆண்ட சொற்களில் வடசொற் கலப்பு மிகுதி என்பது உண்மையே. ஆயினும், அயல்நாட்டார் ஒருவர் தமிழ் கற்று, ஒரு மருத்துவப் பள்ளியையே தமிழில் நடத்திக் காட்டிய பின்னும், தமிழ்த்தாய் பெற்ற மருத்துவர்க்கு இரண்டு பக்க அறிக்கை எழுதத் தமிழ் போதவில்லை என்பது நகைப்பிற்கு இடமன்றோ? மேல்மருத்துவர்க்கு ஆங்கில அறிக்கை செல்லட்டும். அதனை எவரும் தடுக்கவில்லை. தாய்க்கென அரைப்பக்கம் தனியே வேண்டும் என்பதே கேட்பது.

அவ்வரைப்பக்கம் எப்படியிருக்கும்? ஏறத்தாழ இப்படி: 'கருவில் குழந்தை ஒன்று உள்ளது. நெஞ்சாங்குலை நன்கு துடிக்கின்றது. வளர்ச்சி 20 கிழமைக்கு ஏற்றதாக உள்ளது. மூளை, தண்டெலும்பு, வயிறு, சிறுநீரகம், கைகால்கள் பார்க்கப்பட்டன. இன்று தெரிந்த அளவில் குறை காணப்படவில்லை. எல்லாக் குறைகளையும் இவ்வாய்வால் காண முடியாது. நெஞ்சாங்குலையின் ஒரு பகுதி, குழந்தை கிடந்த கிடையால், தெளிவாகத் தெரியவில்லை. அதற்காக மட்டும் பத்து நாளுக்குள் மீண்டும் வருக. இளங்கொடி சற்றுத் தாழ்ந்துள்ளது. பெரும்பாலும் தானே மேலே விலகும். 32-ஆம் கிழமையில் மீண்டும் பார்க்கப்படும். இடையில் குருதி கண்டால் உடனே மருத்துவமனைக்கு வருக. பேறுநாள் முதற் கருநோக்கில் குறித்தவாறே.'

இதனைப் படிக்கக் கல்லூரிப் பையனைத் தேட வேண்டுவதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளும் படிப்பாள்; படிக்கத் தெரியாத மாமியார்க்கும் படித்துக் காட்டுவாள். இற்றைக் கருநோக்கு நிலையங்களில் ஆங்கில அறிக்கையையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. கணிப்பொறியில் முன்னரே அடித்துவைத்த வரிகளில் எண்களையும் சில சொற்களையும் மாற்றியே அச்சிடுகின்றனர். அவ்வரிகளைத் தமிழில் அடித்துவைக்க, ஒரு மருத்துவரும் ஒரு தமிழாசிரியரும் ஒரு மாலைப்பொழுது கூடி அமர்ந்தால் போதும். தடைப்பலகை எழுத ஓவியரைத் தேடிப் பிடித்த நிலையத்தார்க்கு இதற்கொரு தமிழாசிரியரைத் தேடுவது அரிதாகாது. அவர் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே இருப்பார்.